பெரிய சி புரொஜெக்டில் தேவையில்லாத ஹெடர்களை எப்படிக் களைவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பல லட்சம் வரி சி கோட். எந்தப் பைலைத் திறந்தாலும் தலையில் முப்பது இன்க்ளூட், அதாவது ஹெடர் என்ற பொது அறிவிப்புப் பைலை உள்ளே இழுக்கும் வரி. ஒரு ஹெடரைத் தொட்டால் முழுப் புரொஜெக்டும் திரும்பக் கொம்பைல் ஆகிறது. இதைச் சுத்தம் செய்வதில் பயன் உண்டா, எங்கே தொடங்குவது?

பயன் உண்டு. எனக்கு அந்தப் புத்தி வந்தது மின்வெட்டால்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டில் இருந்தபடியே ஒரு கொம்பனிக்கு வேலை செய்கிறேன். ரவுட்டர் மாதிரியான பெட்டிகளுக்குள் ஓடும் சி கோட். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் முழு பில்ட், அதாவது எல்லாப் பைலையும் கொம்பைல் செய்து முடிப்பது, அப்போது 40 நிமிடம். புரொசெசரின் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது என் லெப்டொப் பட்டரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. ஒரு ஹெடரில் ஒரு வரியை மாற்றிவிட்டு பில்டைப் போட்டால், முடிவதற்குள் கரண்ட் போய்விடும். "என்ன மனே, அது இன்னும் ஓடுதா?" என்று அம்மா குசினியில் இருந்து கேட்பா.

அந்த வருட ஜனவரியில்தான் கேர்னல் டெவலொப்பர் இங்கோ மொல்னார், லினக்ஸின் மையமான கேர்னலின் ஹெடர் சிக்கலை அவிழ்க்க 2,297 பட்ச்களை (கோட் மாற்றங்களை) ஒரே தொகுதியாக முன்வைத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேலான உழைப்பு. கொன்ஃபிக்கை, அதாவது எந்த வசதிகளைச் சேர்ப்பது என்ற தெரிவைப் பொறுத்து பில்ட் வேகம் 50 முதல் 80 சதவீதம் கூடுகிறது என்று எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் எனக்கும் துணிவு வந்தது. ஆனால் அந்தத் தொகுதி அப்படியே முழுதாகக் கேர்னலில் சேரவில்லை. அவ்வளவையும் யார் உட்கார்ந்து பார்ப்பது? நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு ஹெடர், ஒரு கொமிட் (ஒரு தடவை பதியும் மாற்றம்) என்று போங்கள்.

முதலில் எதையும் நீக்காமல் அளந்து பாருங்கள். ஜிசிசி கொம்பைலருக்கு ஒரு ஹைஃபனும் பெரிய எச் எழுத்தும் கொடுத்தால், எந்த ஹெடர் எதை இழுத்து வருகிறது என்று புள்ளி வைத்துக் காட்டும். ஒரு புள்ளி என்றால் நேரடியாக வந்தது, ஐந்து புள்ளி என்றால் ஐந்து படி உள்ளே இருந்து வந்தது. எல்லா சி பைலுக்கும் இதை ஓட்டி, எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணினேன். நண்டுக் கூடையில் ஒன்றைத் தூக்கினால் மற்றதெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு வருமே, அதே கதை. எங்களிடம் அந்த முதல் நண்டு 'கொமன்' என்ற ஹெடர். 200 வரி சி பைல் ஒன்று, ப்ரீபுரொசெசர் (ஹெடர்களை உள்ளே ஒட்டும் முதல் கட்டம்) விரித்த பிறகு 60,000 வரியைத் தாண்டி நின்றது.

அந்த ஹெடருக்குள் இருந்த இன்க்ளூட்களில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு ஸ்ட்ரக்டின் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய வகை) பொயின்டருக்காக, அதாவது அதன் முகவரிக்காக மட்டும் வந்தவை. பொயின்டருக்கு முழு வரையறை வேண்டாம். ஸ்ட்ரக்ட் என்று எழுதி, பெயரையும் அரைப்புள்ளியையும் போட்டால் போதும். அந்த ஸ்ட்ரக்டை அப்படியே இன்னொன்றுக்குள் வைத்தாலோ, இன்லைன் ஃபங்ஷன் அதன் உள்ளே கை வைத்தாலோதான் முழு ஹெடர் தேவை. டைப்டெஃப் பெயர்களில் (ஒரு வகைக்கு வைக்கும் மாற்றுப்பெயர்) மட்டும் கவனம்: ஒரே டைப்டெஃபை இரண்டு இடத்தில் எழுத, சி மொழியின் சி11 தரம்தான் அனுமதித்தது. பழைய சி99 தரத்தைக் கேட்கும் கொடியோடு ஓடும் கோடில் கொம்பைலர் சண்டைக்கு வரலாம். அதனால் டைப்டெஃபை விட்டு ஸ்ட்ரக்ட் பெயரையே பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அடி வாங்கிய கதை. என்னோடு களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவன் வேலை செய்கிறான். "அண்ணன், எல்லாம் கொம்பைல் ஆகிட்டு, தள்ளட்டா?" என்றான், அதாவது மாற்றங்களைப் பொதுக் கோடில் சேர்க்கட்டுமா என்று. "சரி, தள்ளு" என்றேன். இரண்டு நாள் கழித்துச் சோதனைப் பெட்டி, இணைப்பு அறுந்தால் திரும்ப முயற்சிக்காமல் சும்மா நின்றது. அவன் எடுத்த ஹெடர்களில் ஒன்று கொன்ஃபிக் ஹெடர். மீள்முயற்சிக் கோட் முழுவதும் ஒரு இஃப்டெஃபுக்குள் இருந்தது; அந்த ஹெடர் வரையறுக்கும் ஒரு பெயர், அதாவது மக்ரோ, இருந்தால் மட்டும் கொம்பைல் ஆகும் பகுதி அது. மக்ரோ காணாமல் போனதும் அந்தக் கோடும் சத்தமில்லாமல் போய்விட்டது. வோர்னிங்கூட இல்லை. பிழை அவனுடையது அல்ல, "தள்ளு" என்றது நான்.

அதற்குப் பிறகு மூன்று காரியம் செய்தோம். கொன்ஃபிக் ஹெடரை எந்தப் பைலும் தானாக இழுக்க வேண்டாம், பில்ட் கட்டளையே எல்லாப் பைலுக்கும் திணிக்கட்டும் என்று மாற்றினோம். கேர்னலும் அப்படித்தான் செய்கிறது. இஃப்டெஃபை எடுத்துவிட்டு, மக்ரோவுக்கு 0 அல்லது 1 கொடுத்து வெறும் ப்ரீபுரொசெசர் இஃப் போட்டோம். அப்படி இருந்தால், வரையறுக்காத மக்ரோவை அன்டெஃப் வோர்னிங் பிடித்துவிடும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: இன்க்ளூட் வரியை அழிக்கும்போது அந்த இடத்தில் வெற்று வரி விடுவோம். வரி எண்கள் மாறாததால் அசெர்ட் என்ற சோதனை வரிகளுக்குள் பதியும் எண்களும் மாறாது. டீபக் தகவலைக் கழித்துவிட்டு கொம்பைல் செய்து கிடைத்த முந்திய ஒப்ஜெக்ட் பைலையும் புதியதையும் ஒப்பிட்டால், பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளக்கூடாது. வெற்று வரிகளைக் கடைசியில் தனிக் கொமிட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கொம்பைலர் என்றால் இன்னொரு பொறியும் உண்டு. ஹெடர் போய், ஃபங்ஷனின் அறிவிப்பும் போனால், அது இன்ட் (வழக்கமாக 32 பிட் முழு எண்) திருப்பித் தரும் என்று கொம்பைலர் தானே ஊகித்துக்கொள்ளும். 64 பிட் பொயின்டரில் பாதி வெட்டுப்படும். 2024-இல் வந்த ஜிசிசி 14 இதை எரராகவே ஆக்கிவிட்டது. அதற்கு முந்தியது வைத்திருப்பவர்கள் அந்த வோர்னிங்கைக் கையால் எரராக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கூகிளில் இருந்து வந்த 'இன்க்ளூட் வட் யூ யூஸ்' கருவியையும் ஓட்டிப் பார்த்தேன். யோசனை கேட்க நல்லது. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரே கொன்ஃபிக்கைத்தான் பார்க்கும். எங்களிடம் ஏழு பெட்டி, ஏழு கொன்ஃபிக். ஒன்றில் வேண்டாதது இன்னொன்றில் உயிர்நாடி. அதன் பேச்சை அப்படியே கேட்டு மொத்தமாக மாற்றாதீர்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு சி பைலிலும் அதன் சொந்த ஹெடரையே முதலில் வையுங்கள். அந்த ஹெடர் தனியாக நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கள் முழு பில்ட் இப்போது 17 நிமிடம். கொமன் ஹெடர் இன்னும் இருக்கிறது, 11 வரியோடு. வாடிக்கையாளர் ஒருவரின் பழைய கோட் அதை இன்க்ளூட் செய்கிறதாம்.