அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலைவர்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களைப் பாதித்த ஒருவர் யார்?

ஜார்ஜ் வித். சுதந்திரப் பிரகடனத்தில் வர்ஜீனியாக்காரர்கள் வரிசையில் முதல் கையெழுத்து இவருடையது. தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். 1779-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியரும் ஆனார்.

ஆனால் என் மனதை விட்டுப் போகாதது அவருடைய சாவுதான்.

1806 மே மாதக் கடைசி. ரிச்மண்டில் அவர் வீடு. எண்பதை ஒட்டிய வயது, அப்போதும் நீதிபதி. கூட இருந்தவர்கள் மூன்று பேர்: அவர் விடுதலை செய்த பின்னும் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த லிடியா பிராட்நாக்ஸ், அவர் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த மைக்கேல் பிரவுன் என்ற கலப்பினப் பையன், சகோதரியின் பேரன் ஸ்வீனி. ஸ்வீனி தாத்தாவின் கையெழுத்தைப் போட்டுக் காசோலைகளை மாற்றிக்கொண்டிருந்தவன். உயிலில் அவனுக்கும் பங்கு, மைக்கேலுக்கும் பங்கு. மைக்கேலின் படிப்பைப் பார்த்துக்கொள்ளும்படி ஜெஃபர்சனையே அதில் கேட்டிருந்தார் வித்.

ஒருநாள் காலை ஆகாரத்துக்குப் பிறகு வித், லிடியா, மைக்கேல் மூவரும் சுருண்டு விழுந்தார்கள். ஆர்சனிக் என்று சந்தேகம். ஜூன் 1-ல் மைக்கேல் போய்விட்டான். வித் ஜூன் 8 வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, உயிலிலிருந்து ஸ்வீனியை நீக்கிவிட்டே கண்ணை மூடினார். லிடியா பிழைத்தார். ஸ்வீனி காபிப் பாத்திரத்தைக் கையில் எடுத்ததையும், ஒரு காகிதத்தை நெருப்பில் எறிந்ததையும் பார்த்ததாக அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

நீதிமன்றத்தில் அதைச் சொல்ல முடியவில்லை. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல அன்றைய வர்ஜீனியாச் சட்டத்தில் இடமில்லை. சுதந்திரத்துக்குப் பின் அந்த மாநிலத்தின் சட்டங்களைத் திருத்தி எழுதும் பொறுப்பு ஜெஃபர்சனிடமும் வித்திடமும் இருந்தது. அப்போதும் இந்தத் தடை போகவில்லை. ஸ்வீனி கொலை வழக்கிலிருந்து விடுதலையானான்.

அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கேட்டு வந்த ரைட் குடும்பத்துப் பெண்களின் வழக்கில், சுதந்திரம் எல்லா மனிதருக்கும் பிறப்புரிமை, அடிமை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதியவர் இதே வித். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்களை விடுவித்தது, ஆனால் கறுப்பினத்தவருக்கு அந்தக் கொள்கை பொருந்தாது என்றது. அப்போது வித் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

1807-ல் லிடியா, பார்வை மங்கிப்போய், உதவி கேட்டு ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் 50 டாலர் கொடுக்கச் சொன்னார்.