ஆச்சியும் ஆயாவும்: ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சென்னைக்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை. ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் சினிமாப் பாட்டும் கானாப் பாட்டும் கேட்டு அவன் பேச்சே மாறிவிட்டது. ‘கெத்து’, ‘மாஸ்’ இல்லாமல் ஒரு வாக்கியம் பேசுவதில்லை. நேற்று என் மாமியார் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, ‘இன்னா ஆயா, பேஜார் பண்ற’ என்றான். அவருக்கு முகம் வாடிவிட்டது. கண்டித்தால், ‘அந்தப் பாட்டு வேற லெவல்ம்மா, கிளாஸ்ல எல்லாவனும் இப்படித்தான் பேசுதானுவ’ என்கிறான். எங்கள் ஊர்த் தமிழ் இந்தப் பாடல்களால் அழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அவனைப் பாட்டுக் கேட்கவிடாமல் தடுக்கலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் அச்சத்துக்கான பதிலில் ஒரு பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மகன் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். ‘வேற லெவல்’ என்று தொடங்கியவன் ‘பேசுதானுவ’ என்று முடிக்கிறான். சென்னைப் பையன் அந்த இடத்தில் ‘பேசுறானுங்க’ என்பான். நிகழ்காலத்தைக் காட்டும் அந்தத் ‘த’ நெல்லைப் பேச்சின் அடையாளம். அதை அவன் எந்தப் பாட்டிலும் கற்கவில்லை. உங்களிடமும் உங்கள் மாமியாரிடமும் தெருவில் கூட விளையாடியவர்களிடமும் கேட்டுப் பெற்றான். நாளெல்லாம் காதில் ஒலிக்கும் பாடல்கள் அவன் பேச்சின் மேலே சில சொற்களைத் தூவியிருக்கின்றன. வினைச்சொல்லின் உள்ளே அவற்றால் நுழைய முடியவில்லை.

மொழியியலாளர்கள் இதைப் பற்றி நிறையவே விவாதித்திருக்கிறார்கள். பீட்டர் டிரட்கில் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில், பிரிட்டனின் பாப் பாடகர்கள் பாடும்போது மட்டும் அமெரிக்க உச்சரிப்பை மேற்கொண்டதை ஆராய்ந்தார். பேசும்போது அவர்கள் தத்தம் ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள். புதிய சொற்களை வானொலியும் தொலைக்காட்சியும் பரப்பலாம், ஆனால் ஒலியும் இலக்கணமும் நேருக்கு நேர் பேசும் மனிதர்களிடமிருந்தே ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர் தரப்பு. கிளாஸ்கோ நகரப் பதின்பருவத்தினரை ஆராய்ந்த ஜேன் ஸ்டூவர்ட் ஸ்மித், 2013இல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்: லண்டனைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடரில் மனம் ஊன்றியவர்களின் மெய்யொலிகளிலும் மாற்றம் தெரிந்தது. அங்கும் தொலைக்காட்சி பல காரணங்களில் ஒன்று மட்டுமே.

1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தபோது நான் உங்கள் மகனின் வயதில் இருந்தேன். பொருள் தெரியாமலேயே நாங்களும் மெட்ராஸ் சொற்களை அள்ளி வீசினோம்; தமிழாசிரியரிடம் திட்டு வாங்கினோம். கல்லூரியை முடிப்பதற்குள் அவற்றில் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாடல் உலகைச் சுற்றியபோது, காதலில் தோற்ற பையன்களை ‘சூப் பாய்ஸ்’ என்று எல்லோரும் அழைத்தார்கள். இன்று அதைச் சொன்னால் உங்கள் மகன் விழிப்பான் என்றே நினைக்கிறேன். ஆனால் காதலை மறுத்த பெண்ணையே குற்றவாளியாக்கிப் பாடும் மனப்போக்கு அந்தச் சொல்லோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. பாடல்களிலிருந்து அவன் எதை எடுத்துக்கொள்கிறான் என்று நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். ‘கெத்து’ என்ற சொல் யாரையும் காயப்படுத்துவதில்லை.

உங்கள் மாமியாரின் முகம் வாடியதற்கு ‘பேஜார்’ காரணமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வடசென்னையில் ‘ஆயா’ என்றால் பாட்டி. பேரன் அன்போடு அழைக்கும் உறவுச்சொல். உங்கள் ஊரில் பாட்டி ‘ஆச்சி’. ‘ஆயா’ என்பவர் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர். பாட்டு அவனுக்குச் சொல்லைக் கொடுத்தது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் உறவைக் கொடுக்கவில்லை. இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு இது கட்டாயம் புரியும்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் விளையாட்டாகச் சொல்லும் சொற்களுக்கு உடையவர்கள் இருக்கிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் போன்ற பகுதிகளின் உழைக்கும் மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடியது கானா. அவர்களுடைய பேச்சு நெடுங்காலம் சினிமாவில் சிரிப்பதற்காகவே பயன்பட்டது. 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா பாடிய ‘வா வாத்யாரே ஊட்டாண்ட’ பாட்டை மக்கள் நகைச்சுவையாகவே கொண்டாடினார்கள். தொண்ணூறுகளில் தேவா கானாவை நாயகனின் பாட்டாக்கினார். 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவின் குரல் தமிழகமெங்கும் போய்ச் சேர்ந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு அதே கானாவில் சாதியை நேரடியாகக் கேள்வி கேட்டது. ஆனாலும் உங்கள் மகன் சொன்னால் ‘ஸ்டைல்’ ஆகும் அதே ‘இன்னா’, வியாசர்பாடிச் சிறுவன் வகுப்பறையில் சொன்னால் இன்றும் ‘கொச்சை’ என்று திருத்தப்படுகிறது. எனக்குத் தாங்க முடியாதது இந்த அநீதிதான்.

அந்தச் சொற்கள் ஒன்றும் தரக்குறைவானவை அல்ல. ‘ஊட்டாண்ட’ என்பது வீட்டண்டை. ‘அண்டை அயல்’ என்கிறோமே, அந்த அண்டை. ‘பேஜார்’ உருது வழியாக வந்தது. ‘கஸ்மாலம்’ சமஸ்கிருதம்; பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைச் சுட்டும் சொல் அதுவே. உங்கள் மாமியார் ‘துட்டு’ என்று சொல்வாரானால், அது டச்சுக்காரர்களின் சிறு நாணயத்தின் பெயர். 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியர்களிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள்.

ஆகவே பாட்டைத் தடுக்காதீர்கள். தடுத்தாலும் வகுப்பிலிருந்து அந்தச் சொற்கள் வந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு சிறு வேலை செய்யுங்கள்: பாட்டில் வரும் புரியாத சொல் ஒன்றை அவன் ஆச்சியிடம் விளக்கட்டும், ஆச்சி தம் இளமைக்காலச் சொல் ஒன்றை அவனுக்குச் சொல்லட்டும். முதல் நாள் ‘ஆயா’விலிருந்தே தொடங்கலாம், அவரிடம் அவன் பட்டிருக்கும் கடனும் அதிலேயே தீரும். ஆச்சி சொல்லும் சொற்களை நீங்கள் குறித்து அனுப்பினால் மகிழ்ச்சியோடு இங்கே வெளியிடுகிறேன்.