கடலை எட்ட வழி கேட்டு சிலி மீது போட்ட வழக்கில் பொலிவியா 2015-இல் வென்றுவிட்டு 2018-இல் தோற்றது எப்படி?

2015-இல் பொலிவியா வெல்லவே இல்லை. "இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சிலி சொல்வது சரியல்ல" என்பதோடு ஹேக் சர்வதேச நீதிமன்றம் அன்று நிறுத்திக்கொண்டது. வழக்கின் தீர்ப்பு 2018 அக்டோபர் 1-இல்தான் வந்தது: பொலிவியா கடலை எட்டுவது குறித்துப் பேச்சு நடத்தியே தீரவேண்டிய சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று 12 நீதிபதிகள் ஏற்றார்கள், 3 பேர் எதிர்த்தார்கள்.

நீங்கள் குழம்பியதற்குக் காரணம், பொலிவியா நிலத்தைக் கேட்டு வழக்குப் போட்டதாக நினைத்திருப்பீர்கள். அது கேட்டது பேச்சுவார்த்தையை மட்டும். இரு நாடுகளும் 1950-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், 1975-இல் இரு நாட்டு அதிபர்களும் வெளியிட்ட சரான்யா கூட்டறிவிப்பு எல்லாம் சிலியின் வாக்குறுதிகளே என்பது அதன் வாதம். பலமுறை பேசியதாலேயே கட்டாயம் வந்துவிடாது என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரி என்றே நினைக்கிறேன், ஆனாலும் சிலியிடம் கடற்கரையை இழந்த பொலிவிய மக்களை எண்ணினால் மனம் கனக்கிறது.

இரண்டு தீர்ப்புகளின் கடைசிப் பத்திகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இரு நாடுகளும் செய்துகொண்ட 1904 அமைதி உடன்படிக்கை பொலிவியாவுக்குத் தந்த, சிலி வழியான சரக்குப் போக்குவரத்து உரிமை அப்படியே இருக்கிறது. இரு நாடுகளும் விரும்பிப் பேசுவதையும் தீர்ப்பு தடுக்கவில்லை.