நீதிபதியின் மேசைக்கு வழக்கு எப்படிப் போகிறது?
சட்டம்: வாசகர் கேள்வி பதில்

நாடுகளுக்கு இடையிலான சட்ட ஒத்துழைப்பு பற்றியும் நீதித்துறையின் சுதந்திரம் பற்றியும் பழைய வட ஆற்காடு பகுதியிலிருந்து வந்த கடிதங்களுக்கு எங்கள் சட்டக் குழு இந்த இதழில் பதில் தருகிறது.

வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். வெளிநாட்டு நீதித்துறைகளுக்கு உதவும் வேலை என்று விளம்பரம் பார்க்கிறேன். அந்த வேலையில் இருப்பவர் அன்றாடம் என்னதான் செய்வார்?
– ஆர்.எம்., காட்பாடி

முதல் சில வாரம் படிப்புதான். அந்த நாட்டின் அரசியலமைப்பு, நீதிபதிகள் சட்டம், ஒழுங்கு நடவடிக்கை விதிகள், நீதிமன்ற பட்ஜெட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, நியமனம், பதவி உயர்வு, டிரான்ஸ்ஃபர், சம்பளம், தண்டனை ஒவ்வொன்றிலும் கடைசிக் கையெழுத்து யாருடையது என்று குறித்துக்கொள்வார். 1985-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, நீதித்துறைச் சுதந்திரத்துக்கான 20 அடிப்படைக் கொள்கைகள்தான் இதற்கு அளவுகோல். ஆனால் சட்டப் புத்தகத்தில் எல்லா நாடும் நன்றாகத்தான் இருக்கும். உண்மை நிலவரம் தெரிவது நீதிமன்ற அலுவலகத்துக்குள் போய் உட்காரும்போது.

சாத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா பிராதை நீட்டுகிறார். கோர்ட் கட்டணம் பார்க்கிறார்கள், இணைப்புகளை எண்ணுகிறார்கள், குறை இருந்தால் ரிட்டர்ன் போடுகிறார்கள். சரியாக இருந்தால் நம்பர் விழுகிறது. அந்த நம்பர் எந்த நீதிபதியின் மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? எந்த விதியை வைத்து? பிறகு வேறு நீதிபதிக்கு மாற்றினால் காரணம் எங்கே எழுதப்படுகிறது? ஒரு நாட்டின் நீதித்துறையைப் பற்றி நூறு கருத்தரங்கில் தெரியாதது இந்தக் கேள்விகளில் தெரிந்துவிடும்.

வழக்கு ஒதுக்கீடு நீதிமன்றத்தின் உள்விவகாரம் என்று மேற்சொன்ன கொள்கைகளில் 14-ஆவது சொல்கிறது. உள்ளே யார் கையில் என்பதை நாட்டுக்கு நாடு விட்டுவிடுகிறது. ஜெர்மனியில் நீதிபதிகளே அடங்கிய ஒரு குழு, எந்த வகை வழக்கு யாருக்கு என்ற பட்டியலை ஆண்டு பிறக்கும் முன்பே போட்டுவிடும். பெரிய நீதிமன்றங்களில் அந்தக் குழுவை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் உயர் நீதிமன்றங்களில் ரோஸ்டர், அதாவது எந்த வழக்கு யாருக்கு என்ற பட்டியல், தலைமை நீதிபதியின் அதிகாரம். அதே ஜெர்மனியில் நீதிபதி நியமனத்தில் அமைச்சகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டிலோ அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவு, மாவட்ட நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. ஒரு பக்கம் கதவைத் திறந்து வைத்தவர்கள் இன்னொரு பக்கம் பூட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு நாட்டு ஏற்பாட்டில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து இன்னொரு நாட்டில் ஒட்டினால் நிற்காது.

குலுக்கல் முறையில் வழக்கை ஒதுக்கும் மென்பொருள் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தீராது. ஒரு வகை வழக்குக்கு ஒரே நீதிபதிதான் இருக்கிறார் என்றால் குலுக்க என்ன இருக்கிறது? நீதிபதி விடுப்பு என்று குறித்தால் அவர் பெயர் குலுக்கலிலிருந்து விலகிவிடும். வழக்குப் பதிவாகும் அரை மணி நேரத்துக்கு மட்டும் விடுப்புக் குறி போட்டு எடுத்துவிட்டால் வெளியே எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அவசரத்துக்கென்று கையால் மாற்றும் வசதியும் வைத்திருப்பார்கள். ஆகவே நிபுணர் கேட்டு வாங்க வேண்டியது அந்த மாற்றங்களின் பதிவை: எந்த நாள், எத்தனை மணி, யாருடைய லாகின், என்ன காரணம். மூன்று மாதப் பதிவையாவது விடுப்புப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பதிவே வைப்பதில்லை என்று பதில் வந்தால், பதிவு வைக்கத் தொடங்குங்கள் என்பதுதான் அறிக்கையின் முதல் பரிந்துரை.

பயிற்சி வகுப்பு நடத்துவதும் இந்த வேலையில் அடக்கம். அதில் சறுக்குவது பெரும்பாலும் மொழியில். பிரான்சில் நீதிபதியையும் அரசுத் தரப்பில் குற்றம் சாட்டுபவரையும் ஒரே சொல்லால் அழைப்பார்கள். இருவரும் ஒரே பணித்தொகுதி. நம் ஊரில் அரசு வக்கீல் வேறு, நீதிபதி வேறு. 'நீதித்துறையினர்' என்று பொதுவாக மொழிபெயர்த்துவிட்டால், காலையில் இருந்து மாலை வரை இரண்டு தரப்பும் வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கலைச்சொல் பட்டியலை ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். உடனுக்குடன் மொழிபெயர்க்க இருவர் வேண்டும். சுமார் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் பிழை கூடும். ஒருவரை வைத்துச் சமாளிப்பது சிக்கனம் ஆகாது.

வெளிநாட்டுக்காரர் வந்து நீதிபதிகளுக்குப் பாடம் எடுப்பதே தலையீடு இல்லையா?
– கே.எஸ்., குடியாத்தம்

நியாயமான சந்தேகம். தவறாகச் செய்தால் தலையீடுதான். அழைப்பு நீதித்துறையிடமிருந்தே வந்திருக்க வேண்டும். சட்ட அமைச்சகம் மட்டும் கையெழுத்துப் போட்ட திட்டம் என்றால் நாங்கள் சந்தேகப்படுவோம். யாருக்கு எதிராகச் சுதந்திரம் தேவையோ, அவரே திட்டத்தின் முதலாளி ஆகிவிடக் கூடாது. நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி வகுப்பிலும் பேசக் கூடாது, தேநீர் இடைவேளையிலும் பேசக் கூடாது. பயிற்சிக்குக் கற்பனை வழக்கைத்தான் எடுக்க வேண்டும். ஊர் பேரை மாற்றிவிட்டு உண்மை வழக்கை எடுத்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும். வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த நீதிபதியை அனுப்புவது என்பதையும் கவனியுங்கள். மேலிடம் விரும்பியவருக்கே டிக்கெட் என்றால், சுதந்திரத்துக்காக வந்த பணமே பணிவுக்குப் பரிசாகிவிடும். தேர்வு விதியை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவதுதான் இதற்கு மருந்து.

சரியாக நடந்ததற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நீதிபதிகளின் நடத்தைக்கான பெங்களூரு கொள்கைகள் 2001 பிப்ரவரியில் பெங்களூரில் வரைவாயின. எழுதியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நீதிபதிகள். அப்படியே உலகத்துக்கு நீட்டவில்லை. ஐரோப்பிய மரபு நீதிபதிகளிடம் காட்டி, அவர்கள் ஆட்சேபித்த இடங்களைத் திருத்தி, 2002 நவம்பரில் தி ஹேக் நகரில் இறுதி செய்தார்கள். சுதந்திரம், நடுநிலை, நேர்மை, கண்ணியம், சமத்துவம், திறமையும் ஊக்கமும் என்று ஆறு மதிப்புகள். எந்த நாடும் எந்த நாட்டுக்கும் இதில் வாத்தியார் இல்லை.

ஜூனியர் வக்கீலாக மூன்று வருடம் ஆகிறது. இந்தத் துறைக்கு எப்படிப் போவது?
– எஃப்.ஏ., ஆம்பூர்

முதலில் ஒரு தவறான வழியை அடைத்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடக்கும் இரட்டையர் திட்டங்களில் (ட்வின்னிங்: உறுப்பு நாட்டு அரசு அலுவலகம் ஒன்று வேறு நாட்டு அலுவலகத்தோடு கைகோப்பது) உதவி பெறும் நாட்டின் அலுவலகத்திலேயே தங்கிப் பணியாற்றும் ஆலோசகர், உறுப்பு நாட்டு அரசுப் பணியாளராக இருக்க வேண்டும். நாம் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. நமக்குத் திறந்திருப்பவை ஐ.நா. அமைப்புகள், ரோமில் உள்ள பன்னாட்டு வளர்ச்சிச் சட்ட அமைப்பு, ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் சட்ட வல்லுநர் ஆணையம் போன்றவை.

ஐ.நா. தலைமைச் செயலக வேலைகளில் நிபுணர் பதவிகளை பி-2, பி-3 என்று படிநிலையாகக் குறிப்பார்கள். பி-2 நிலைக்கு முதுகலைப் பட்டமும் 2 ஆண்டு அனுபவமும், பி-3க்கு 5 ஆண்டு, பி-4க்கு 7 ஆண்டு அனுபவமும் கேட்பது வழக்கம். இளங்கலை மட்டும் இருந்தால் கூடுதலாக 2 ஆண்டு அனுபவத்தை ஏற்பதுண்டு. பயிற்சிப் பணி இரண்டு முதல் ஆறு மாதம், சம்பளம் கிடையாது. ஜெனீவாவில் வாடகை உங்கள் கையிலிருந்து போகும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை, 'பல வழக்குகளில் ஆஜரானேன்' என்று எழுதுவது. எத்தனை வழக்கு, எந்த நீதிமன்றம், என்ன வகை, நீங்களே வாதாடியவை எத்தனை என்று எழுதுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பேனல் வக்கீலாக இருந்தால் அது பெரிய பலம். சிறைக்குள் போய்ப் பார்த்த அனுபவம் எந்தப் பட்டத்திலும் கிடைக்காது. பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஐ.நா. ஆள் தேர்வின் எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டணம், விசா டெபாசிட் என்று யாராவது கேட்டால் அது மோசடி.

ஜெர்மனியில் இருக்கும் வாங்குபவர் தோல் சரக்குக்குப் பணம் தரவில்லை. இந்தச் சட்ட ஒத்துழைப்பு எனக்கு உதவுமா?
– ஜி.ஏ., ராணிப்பேட்டை

நீங்கள் கேட்பது வேறு வகை ஒத்துழைப்பு, சம்மன் சார்வு செய்வது. அதாவது, இங்கே வழக்குப் போட்டால் சம்மனை அங்குள்ள எதிர்த்தரப்பிடம் முறைப்படி சேர்ப்பிப்பது. ஜெர்மனியும் இந்தியாவும் 1965 ஹேக் சார்வு உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியாவுக்கு அது 2007 ஆகஸ்ட் முதல் அமலில் உள்ளது. உடன்படிக்கையின் மாதிரிப் படிவம், சம்மன், பிராது எல்லாம் இரண்டு செட், ஜெர்மன் மொழிபெயர்ப்போடு, டெல்லியில் உள்ள மத்திய சட்ட அமைச்சகம் வழியாகப் போக வேண்டும். பதிவுத் தபாலில் நேரே அனுப்பாதீர்கள். அந்த வழியை ஜெர்மனி ஏற்பதில்லை. ஒரு மாத வாய்தா போட்டால் சம்மன் போய்ச் சேரும் முன்பே தேதி முடிந்துவிடும். ஆறு மாதமாவது கேட்டு வாங்குங்கள்.

மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமி மீது போட்ட வழக்கு உலக நீதிமன்றம் வரை போனதாமே?
– டி.வி., ஆரணி

ஆமாம். நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பதவி 1994-இல் உருவானது. அதில் முதலில் அமர்ந்தவர் அவர். 1995-இல் ஒரு சட்ட இதழுக்கு மலேசிய நீதிமன்றங்களைப் பற்றி அவர் தந்த பேட்டிக்காக, அங்குள்ள நிறுவனங்கள் கோடிக்கணக்கான ரிங்கிட் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டன. அவர் ஐ.நா. பணியாகத்தான் பேசினார், அதற்கு விலக்குரிமை உண்டு, அதாவது அந்தப் பேச்சுக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலர் எழுதிக் கொடுத்தார். மலேசிய அரசு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சான்றிதழில் அந்தக் குறிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விசாரணை நடந்துகொண்டே போனது.

1999 ஏப்ரல் 29-இல் உலக நீதிமன்றம் 14-க்கு 1 என்ற கணக்கில் அவருக்கு விலக்குரிமை உண்டு என்றது. விலக்குரிமை இருக்கிறதா என்பதை வழக்கின் தொடக்கத்திலேயே தாமதமின்றி முடிவு செய்திருக்க வேண்டும், பொதுச்செயலரின் குறிப்பை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. மலேசிய நீதிமன்றங்கள் அவர் தலையில் கட்டிய செலவுத்தொகை எதையும் அவர் சுமக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லா நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள்.