வெளியே சவாரி போகாமல், வேலி போட்ட பயிற்சி மைதானமான அரீனாவுக்குள்ளேயே ஓட்டிக் குதிரையை ஃபிட்டாக்க முடியுமா?

முடியும். ஆனால் எதற்காக ஃபிட்டாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். டிரெஸ்ஸாஜ் (குதிரையைத் துல்லியமாக நடத்திக்காட்டும் சவாரி), சின்ன உயரத் தாண்டல், தினமும் முக்கால் மணி நேரம் களைப்பில்லாமல் வேலை, இவ்வளவு போதும் என்றால் அந்த நான்கு வேலிக்குள்ளேயே வேலையை முடித்துவிடலாம். எண்டியூரன்ஸ் (நெடுந்தூர ஓட்டம்), கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடுவது) என்றால் முடியாது. அதற்கு ஏற்ற இறக்கமும் நீண்ட நேர்ப்பாதையும் வேண்டும்.

வெளியே போகப் பாதை இல்லை, இருப்பது 20க்கு 40 மீட்டர் அரீனா ஒன்றுதான், குதிரை சில மாதமாகச் சும்மா நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

இடம் போதாதது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை நேரக் கணக்கு. அரீனாவில் ஒரு மணி நேரம் ஓட்டினேன் என்கிற யாரையாவது ஒருநாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். சேணத்தின் வாரை இறுக்க ஒரு நிறுத்தம், வேலியோரம் நிற்பவரிடம் பேச ஒரு நிறுத்தம், ஒரு சுற்று ட்ராட் (நடையைவிட வேகமான மித ஓட்டம்) போனதும் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு இரண்டு சுற்று சும்மா நடை. தொடர்ச்சியான ட்ராட்டும் கேன்ட்டரும் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) அந்த மணி நேரத்தில் பாதிகூட இருக்காது. வெளியே போனால் பாதை தானாக இழுத்துக்கொண்டு போகும், அரீனாவில் அந்த வசதி கிடையாது. கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். சுற்றுகளை எண்ண வேண்டாம், நிமிடங்களை எண்ணுங்கள்.

அடுத்தது மூலைகள். சாதாரண ட்ராட் நிமிடத்துக்குச் சுமார் 220 மீட்டர். உங்கள் அரீனாவின் ஒரு முழுச் சுற்று 120 மீட்டர். அதாவது ஏறக்குறைய 33 விநாடிக்கு ஒருமுறை நான்கு மூலை. பத்து நிமிடம் விடாமல் ட்ராட் போனால் எழுபதுக்கும் மேற்பட்ட மூலைகளைக் குதிரை திரும்பியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்புறக் கால்களின் மூட்டுகளுக்கும் தசைநாண்களுக்கும் சாய்வான சுமை விழுகிறது. ஆகவே அரீனாவில் நெஞ்சு களைப்பதற்கு முன்பே கால்கள் தேயும். இங்கே சாமர்த்தியம் என்பது சுற்றுகளைக் கூட்டாமல் இதயத்துக்கும் தசைக்கும் வேலை கொடுப்பதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

சும்மா நின்ற குதிரைக்கு முதல் இரண்டு, மூன்று வாரம் நடைதான். 20 நிமிடத்தில் தொடங்கி 40 வரை கொண்டு போங்கள். மந்தமாக இழுத்துக்கொண்டு நடப்பது கணக்கில் சேராது, பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழ வேண்டும். அப்புறம் ட்ராட்டைத் துண்டு துண்டாகச் சேருங்கள்: 2 நிமிடம் ட்ராட், 2 நிமிடம் நடை, நான்கு முறை. சில நாள் கழித்து ட்ராட்டை 3 நிமிடமாக்கலாம், பிறகு 5. ஐந்தாறு வாரம் ஆனபின் இதே கணக்கில் ஒரு நிமிடக் கேன்ட்டர் துண்டுகள். நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். இப்படித் துண்டு போட்டு ஓட்டும் கடின நாள் வாரத்துக்கு இரண்டு போதும், அவற்றுக்கு இடையே இரண்டு நாளாவது லேசான வேலை இருக்கட்டும்.

இரண்டாவது மாத வாக்கில் கவனமாக இருங்கள். இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாணுக்கு மாதங்கள் பிடிக்கும், எலும்புக்கு இன்னும் கூட. அந்தச் சமயத்தில் குதிரை துள்ளும், இன்னும் போகலாம் என்று உங்களையே இழுக்கும். அந்த உற்சாகம் நெஞ்சிலிருந்து வருகிறது, கால் அந்த அளவுக்கு இன்னும் தயாராகியிருக்காது.

ஃபிட்டாகிறதா என்று தெரிந்துகொள்ள நான் நம்புவது நாடித்துடிப்பை மட்டும்தான். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் நுனிகளை வைத்து மெதுவாக நகர்த்துங்கள், பென்சில் தடிமனில் ஒரு நாளம் எலும்பின் மேல் உருளும். லேசாக அழுத்தினால் துடிப்பு விரலில் தட்டும். கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். என் பெண்குதிரை வேலை முடிந்ததும் தலையை ஆட்டி என் தோளில் தேய்ப்பாள், தாடையில் எண்ணவே விடமாட்டாள். அவளுக்கு ஸ்டெதாஸ்கோப்தான், இடது முழங்கைக்குப் பின்னால், வார் போகும் இடத்தில். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். ட்ராட் முடித்து 2 நிமிடம் நடக்கவிட்டபின் 100க்குக் கீழே வந்தால் அடுத்த துண்டுக்குப் போகலாம். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், நடக்கவிட்டு லாயத்துக்குக் கூட்டிப் போங்கள். எல்லாம் முடிந்து 10, 15 நிமிடத்தில் 60ஐ ஒட்டி இறங்க வேண்டும். எண்டியூரன்ஸ் போட்டிகளில் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவந்த அளவு 64. ஒரே வேலைக்கு வாரா வாரம் துடிப்பு சீக்கிரம் இறங்கினால் ஃபிட்னஸ் ஏறுகிறது. வெக்கையான நாளில் மூச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடம்பைக் குளிர்விக்கவும் குதிரை வேகமாக மூச்சு வாங்கும்.

சுற்றைக் கூட்டாமல் வேலையைக் கூட்ட எனக்குப் பிடித்த வழி தரையில் கம்பு போடுவது. நடைக்குக் கம்புகளின் இடைவெளி 80 முதல் 90 செ.மீ., ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர், கேன்ட்டருக்கு 3 மீட்டர் வாக்கில். இதில் உங்கள் குதிரையின் காலடி நீளத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். சின்னக் குதிரைக்குக் குறைவாகத்தான் வரும். ட்ராட்டில் இரண்டு கம்பு மட்டும் போடாதீர்கள், சில குதிரைகள் இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவிவிடும். மூன்று அல்லது நான்கு போடுங்கள். அது தடுமாறாமல் போகப் பழகியதும் 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். கம்பைத் தாண்டும்போது கழுத்து நீண்டு தாழ்வதையும், முதுகு எழும்புவதையும், வயிற்றுத் தசை இறுகுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும். மேட்டில் ஏறும்போது உழைக்கும் தசைகளில் பலவும் இங்கே உழைக்கின்றன. மேடே இல்லாதவருக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. அதற்காக அரை மணி நேரம் கம்பிலேயே ஓட்டக் கூடாது. ஒரு அமர்வில் 10 நிமிடம் போதும், களைத்த குதிரை கம்பில் கால் இடிக்கும்.

அடுத்து நடைமாற்றங்கள். நீளப் பக்கத்தில் நடை, ட்ராட், நடை, ட்ராட் என்று பத்து, பதினைந்து காலடிக்கு ஒரு மாற்றம். கொஞ்சம் முன்னேறியதும் ட்ராட்டிலிருந்து நிறுத்தம், நான்கு காலடிப் பின்னோக்கு நடை, மறுபடி ட்ராட். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஒழுங்காகச் செய்தால் பின்பாகம் பாரத்தை வாங்கி வாங்கி ஐந்தே நிமிடத்தில் கழுத்தில் வியர்வை பூக்கும். தூரம் பார்த்தால் ஒன்றுமே ஓடியிருக்காது.

நடுவில் நின்றுகொண்டு நீளமான லஞ்ச் கயிற்றில் குதிரையைச் சுற்றவிடுவதைப் பலர் சுலப வழியாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மூலை பிரச்சினையின் உச்சமே அதுதான், முழுக்க ஒரே வளைவு. வாரத்துக்கு ஒருநாள், முடிந்தவரை பெரிய வட்டத்தில், பக்கம் மாற்றி மாற்றி, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதைவிட இரட்டைக் கயிறு பிடித்துப் பின்னால் நடந்தபடி அரீனா முழுவதும் ஓட்டுவது மேல், நேர்க்கோட்டிலும் போகலாம். குதிரையோடு உங்களுக்கும் ஃபிட்னஸ் வரும்.

தரை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மணல் ஆழமாக இருந்தால் தசைநாணுக்கு ஆபத்து, கெட்டித் தரையில் மூட்டுக்கு அதிர்ச்சி. எல்லோரும் வேலியோரத் தடத்திலேயே போய்ப் போய் அங்கே பள்ளம் விழுந்திருக்கும். இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுங்கள், குறுக்குக் கோடுகளை அதிகம் பயன்படுத்துங்கள். அரீனாவுக்கு வெளியே கெட்டியான சமதளப் பாதை ஐம்பது மீட்டர் இருந்தால்கூட, தினமும் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் நடத்துங்கள். மெத்தென்ற மணலை மட்டுமே மிதித்த கால் வேறு தரையில் திணறும்.

குதிரைக்குச் சலிப்பும் உண்டு. காதைப் பின்னால் மடிப்பது, வாலைச் சுழற்றுவது, வாசல் பக்கமே சரிவது எல்லாம் சோம்பேறித்தனம் என்று திட்டப்படுகின்றன. ஒருநாள் கம்பு, ஒருநாள் நடைமாற்றம், ஒருநாள் சின்னத் தாண்டல், ஒருநாள் முழு விடுப்பு என்று மாற்றிப் பாருங்கள், பாதி போய்விடும். விடுப்பு விட்டால் ஃபிட்னஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். குதிரைக்கு அது அவ்வளவு சீக்கிரம் இறங்காது, இரண்டு வார ஓய்வைக்கூடப் பெரிய இழப்பில்லாமல் தாங்கும்.

கடின நாளுக்கு மறுநாள் காலை, லாயத்தைவிட்டு வெளியே கொண்டுவரும் முன் நான்கு கால்களையும் முட்டிக்குக் கீழே குளம்பு வரை தடவிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால், நொண்டாமல் நடந்தாலும் அன்றைக்கு ஏற வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.