கேள்வி–பதில்: இங்கிலீஷ் புரிகிறது, பேசத்தான் வரவில்லை

கேள்வி: பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். வகுப்பில் நடத்துவது முக்கால்வாசி புரிகிறது. புத்தகத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு எப்படியோ படித்துவிடுவேன். ஆனால் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசு என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பேச வரவே வராதா? — முதலாண்டு மாணவி

பதில்: வரும். புரிந்துகொள்வதும் பேசுவதும் ஒரே வேலை இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கும்போது வார்த்தை கண்ணெதிரே இருக்கிறது, அடையாளம் தெரிந்தால் போதும். பேசும்போது அதை நீங்களே தேடி எடுத்து, வரிசையில் வைத்து, கேட்பவர் பொறுமை இழப்பதற்குள் வெளியே விட்டாக வேண்டும். பள்ளியில் இத்தனை வருடம் உங்களைப் படிக்க வைத்தார்கள், எழுத வைத்தார்கள், அதிலும் பாதி கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பேச வைத்தார்களா? பழக்கமே இல்லாத வேலை வரவில்லை என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

இன்னொரு சிக்கல் நம் மொழியின் அமைப்பால் வருவது. 'நான் நேற்று சாயங்காலம் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடினேன்' என்று சொல்கிறோம். என்ன செய்தீர்கள் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் 'ஐ' என்று ஆரம்பித்த கையோடு 'லுக்டு ஃபார்' வந்து நிற்க வேண்டும், நேற்றும் நூலகமும் அப்புறம் மெதுவாக வரலாம். நீங்கள் தமிழில் முழு வாக்கியத்தையும் யோசித்துவிட்டு அதை மாற்றப் பார்த்தால் 'ஐ... யெஸ்டர்டே... லைப்ரரி...' என்று வழியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அந்த இடைவெளியில்தான் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார், அவரை எழுப்பிப் பேசச் சொன்னால் அவருக்கும் அதே கதைதான்.

அதனால் ஒற்றைச் சொற்களாக மனப்பாடம் செய்வதை விடுங்கள். 'ஐ வென்ட் டு', 'ஐ வான்ட் டு', 'ஐ வாஸ் அபௌட் டு', 'கேன் யூ டெல் மீ' என்று ஆரம்பத் துண்டுகளாகவே வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளும் வினையும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டால் மிச்ச வாக்கியம் தானாக நகரும். அப்புறம் ஒரு பயிற்சி இருக்கிறது. பால் நேஷன் என்ற மொழி கற்பித்தல் ஆய்வாளர் பிரபலப்படுத்தியது. ஏதாவது ஒரு விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும், அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் மூன்றாவது முறை வார்த்தை வேகமாக வரும். மூன்று தோழிகள் கிடைக்கவில்லையா, கதவைச் சாத்திக்கொண்டு சுவரிடம் சொல்லுங்கள், சுவர் சிரிக்காது. நடுவில் 'ஐ டிட் நாட் வென்ட்' என்று வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அப்படியே போய்க்கொண்டிருங்கள். 'டிட்' வந்தால் பின்னால் 'கோ' என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேகத்தில் தவறியது அவ்வளவுதான்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஒரே அறையில் ஐம்பது பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். பாடத்தை முடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள், ஆனால் 'உன் பெயருக்கு அப்புறம் ஏதாவது சொல்' என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் குழுவாகப் பேச வையுங்கள் என்கிறார்கள். ஐம்பது பேரைக் குழுவாகப் பிரித்தால் சத்தம் தலைமையாசிரியர் அறை வரை கேட்கிறது. — ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், மனப்பாடம் செய்ததற்கு மதிப்பெண் கொடுக்கும் கேள்வித்தாள் இருக்கும்வரை பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். அதற்கு உங்களையோ அவர்களையோ குறை சொல்லிப் பயனில்லை, தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு தரும். கேள்வித்தாளை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை. வகுப்பில் பத்து நிமிடம் இருக்கிறது, அதைப் பேசுவோம்.

குழு வேலை இல்லாமலும் ஒரு வழி உண்டு, அது நம் பக்கத்து வகுப்பறைகளிலேயே சோதித்துப் பார்த்தது. என்.எஸ்.பிரபு என்ற ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கண விதியைச் சொல்லிக் கொடுப்பது கிடையாது. பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போல ஏதாவது கொடுத்து யோசிக்க வைப்பது, யோசிக்கிற சாக்கில் ஆங்கிலம் உள்ளே போய்விடும் என்பது அவருடைய எண்ணம். இன்றைக்கு 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று உலகம் முழுவதும் பேசுகிறார்களே, அதன் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று இது. பெரிய வகுப்புக்காரர்களுக்கு ஆறுதலான விஷயம், பிரபு குழு வேலையைப் பெரிதாக நம்பவில்லை. ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுவார், அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் அவரவர் இடத்தில் உட்கார்ந்து செய்வார்கள்.

ரயில் கால அட்டவணை ஒன்றைப் பலகையில் எழுதுங்கள். மூன்று ரயில்கள், நான்கு நிலையங்கள், வரும் நேரம், கிளம்பும் நேரம், அவ்வளவுதான். எந்த ரயில் முதலில் வருகிறது, இரண்டாவது நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். ஒற்றைச் சொல்லில் பதில் வரும், வரட்டும். அடுத்து, 'ஒருவர் நண்பகலுக்குள் கடைசி நிலையத்தில் இருக்க வேண்டும், எந்த ரயிலில் ஏற வேண்டும், ஏன்?' என்று கேளுங்கள். அந்த 'ஏன்' வந்ததும் 'பிகாஸ்' என்று ஒரு குரல் கேட்கும், பின்பெஞ்சிலிருந்து 'நோ நோ, தட் டிரெயின் லேட்' என்று இன்னொருவன் மறுப்பான். அவன் சொன்னதில் 'இஸ்' இல்லை. திருத்த வேண்டாம், 'ஓ, தட் டிரெயின் இஸ் லேட்?' என்று நீங்கள் சரியாகத் திருப்பிக் கேட்டுவிட்டு மேலே போங்கள். ஐந்து நிமிடம் கழித்து வேறு அட்டவணை கொடுத்து அவரவர் நோட்டில் விடை எழுதச் சொல்லுங்கள். சத்தமே வராது.

கேள்வி கேட்டதும் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். இது சின்ன விஷயம்போல் தெரியும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். சொந்த மொழியிலேயே இந்தக் கதை என்றால், இரண்டாவது மொழியில் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஐந்து நொடியாவது வேண்டாமா? நாம்தான் மௌனத்தைத் தாங்க முடியாமல் விடையையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

நோட்டுத் திருத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மை ஊற்றுவதால் அடுத்த கட்டுரையில் பிழை குறைகிறதா என்பது ஆய்வாளர்கள் இடையே பெரிய சண்டை. இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று 1996-இல் ஜான் டிரஸ்காட் எழுதினார், டேனா ஃபெரிஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் வட்டமிடுங்கள். இந்த வாரம் இறந்தகால வினை என்றால் அது மட்டும். ஐம்பது நோட்டையும் வரிக்கு வரி திருத்தி உங்கள் கண்ணும் கழுத்தும் போனதுதான் மிச்சமாகும்.

கேள்வி: எங்களுக்கு அரைகுறை ஆங்கிலம்தான் தெரியும். ஆனாலும் யூ.கே.ஜி படிக்கும் மகளுடன் வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று பள்ளியில் வற்புறுத்துகிறார்கள். பேசலாமா? — ஒரு தாய்

பதில்: வேண்டாம் அம்மா. உங்களுக்கு எந்த மொழியில் கோபிக்கவும் கொஞ்சவும் கதை சொல்லவும் வருகிறதோ அதில் பேசுங்கள். அரைகுறை மொழியில் பேசினால் 'கம்', 'சிட்', 'ஈட்', 'டோன்ட்' என்று கட்டளைகள் மட்டும்தான் மிஞ்சும், குழந்தை கேட்கும் நூறு 'ஏன்'களுக்கு அதில் பதில் சொல்ல முடியாது. குழந்தைக்குக் கல்வி கொடுக்கச் சிறந்த மொழி தாய்மொழிதான் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர், ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறனும் யோசிக்கும் திறனும் இரண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும் என்று காட்டினார். அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். புது மொழியில் சரளமாக அரட்டை அடிக்க ஓரிரு வருடம் போதும், பாடம் படிக்கிற அளவுக்கு அந்த மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம். அதுவும் ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கு! யூ.கே.ஜி-யில் என்ன அவசரம்? ராத்திரி தமிழில் கதை படித்துக் காட்டுங்கள். ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளலாம், அது சிலபஸ் இல்லை, விளையாட்டு என்ற நினைப்போடு.

கேள்வி: ஆங்கிலத்தில் 'நைஃப்' என்று சொல்ல முன்னால் 'கே' எதற்கு? சொல்லாத எழுத்தை ஏன் எழுத வேண்டும்? — ஆறாம் வகுப்பு மாணவன்

பதில்: நல்ல கேள்வி தம்பி, உன் டீச்சரிடமும் கேள். ஒரு காலத்தில் அந்த 'கே'யை நிஜமாகவே உச்சரித்தார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார், எழுத்துமுறை கொஞ்சம் கொஞ்சமாக அச்சில் கெட்டிப்பட்டது. பேச்சு மட்டும் நிற்காமல் மாறிக்கொண்டே போனது. நீ எழுதுவது பழைய உச்சரிப்பை. 'டெட்' என்கிற கடனில் வரும் 'பி' இன்னும் மோசம், அதை யாரும் உச்சரித்ததே இல்லை, லத்தீன் மூலச் சொல்லில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பின்னால் சொருகியது.

கேள்வி: எங்கள் ஆசிரியர் ஒரு மாதிரி உச்சரிக்கிறார், யூடியூபில் வேறு மாதிரி கேட்கிறது. யாரைப் பின்பற்றுவது? — பிளஸ் டூ மாணவர்

பதில்: யூடியூபிலேயே ஒருவர் 'ஷெட்யூல்' என்பார், இன்னொருவர் 'ஸ்கெட்யூல்' என்பார். ஒன்று பிரிட்டன் வழக்கம், மற்றது அமெரிக்க வழக்கம், இரண்டும் சரிதான். அந்தச் சண்டையில் நேரத்தை விடாதீர்கள். நமக்கு உதைப்பது அழுத்தம். தமிழர்கள் பெரும்பாலும் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிப் போகிறோம், ஆங்கிலத்தில் ஒரு அசையைத் தூக்கிச் சொல்லி மற்றதை அமுக்க வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசை, 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவது. 'டெவலப்' என்பதில் 'வெ' தூக்க வேண்டும், நாம் 'டெ'யைத் தூக்குகிறோம். இன்னொன்று, நம் எழுத்தில் ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் வேலை செய்வதால் 'பேக்' என்று எழுதினால் பையா, மூட்டை கட்டுவதா என்று தெரியாது. தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துவைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்திவிட்டு, ஒலி கேட்கும் வசதியுள்ள அகராதி ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரை வகுப்பில் திருத்த வேண்டாம், அவருக்கு அந்த வசதி இல்லாத காலத்தில் படித்தவர் அவர்.

கேள்வி: '30 நாளில் சரளமான ஆங்கிலம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேரலாம் என்று இருக்கிறேன். நம்பலாமா? — வேலை தேடும் பட்டதாரி

பதில்: 30 நாளில் கூச்சம் போகலாம், நேர்காணலில் உங்களைப் பற்றிச் சொல்லத் தேவையான வாக்கியங்கள் வரலாம். மொழி வராது. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த அடிப்படைச் சொற்பட்டியலிலேயே ஏறத்தாழ 2,000 சொற்கள். நாவலோ செய்தித்தாளோ அகராதி இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று மேலே சொன்ன பால் நேஷன் 2006-இல் கணக்குப் போட்டார். இதெல்லாம் தெரிந்தும் சேர்வதென்றால் சேருங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் பயிற்சியாளர் எவ்வளவு நேரம் பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். அவரே ஐம்பது நிமிடம் பேசினால், அங்கே ஆங்கிலம் சரளமாகப் போவது அவருக்குத்தான்.