கலையும் கல்லாப்பெட்டியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹாலிவுட் என்றால் வியாபாரம், ஐரோப்பா என்றால் கலை என்று திரைப்பட ஆர்வலர்கள் பலர் அடித்துச் சொல்கிறார்கள். இந்தப் பாகுபாடு சரிதானா?

பதில்: நமக்கு வந்து சேரும் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஓர் ஐரோப்பியப் படம் பெரும்பாலும் திரைப்பட விழாக்களில் வடிகட்டப்பட்ட பிறகே கடல் கடக்கிறது; அமெரிக்கப் படங்களோ நல்லதும் கெட்டதுமாக மொத்தமாக வந்து இறங்குகின்றன. 2008இல் பிரான்ஸில் 2 கோடிக்கும் அதிகமான நுழைவுச்சீட்டுகள் விற்ற உள்நாட்டுப் படமான 'பியான்வெனு ஷே லே ஷ்தி', வடக்குப் பகுதிக்கு மாற்றலாகிப் போகும் ஓர் அஞ்சலக அதிகாரியைப் பற்றிய கலகலப்பான நகைச்சுவை. உலக சினிமா பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

மறுபக்கத்தையும் பாருங்கள். கேளிக்கைப் படக்காரர் என்று அமெரிக்காவில் ஒதுக்கப்பட்ட ஹிட்ச்காக்கை மேதை என்று முதலில் வாதாடியவர்கள் பாரிஸின் இளம் விமர்சகர்கள். அவர்களில் ரோமரும் ஷப்ரோலும் 1957இல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். அந்த ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ'வை எடுத்த விதம் கவனிக்கத் தக்கது. பாரமவுண்ட் நிறுவனம் பணம் போடத் தயங்கியதால், தம் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, லாபத்தில் பெரும்பங்கை எழுதி வாங்கிக்கொண்டு, தம் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக் குழுவையே வைத்து, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் படத்தை முடித்தார். எல்லா இடத்திலும் கையை இறுக்கிக்கொண்டவர், சில நிமிடங்களே ஓடும் குளியலறைக் கொலைக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு வாரத்தை ஒதுக்கினார். எங்கே சிக்கனம், எங்கே தாராளம் என்று அறிந்திருந்த அந்தக் கணக்கில் கலைஞர் எங்கே முடிகிறார், வியாபாரி எங்கே தொடங்குகிறார் என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

கேள்வி: தயாரிப்பாளரின் தலையீடு ஒரு படத்தின் கலைத்தரத்தை அழித்துவிடாதா?

பதில்: அழித்ததுண்டு. 1942இல் ஆர்சன் வெல்ஸ் 'த மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தை எடுத்துவிட்டு வேறொரு படப்பிடிப்புக்காகப் பிரேசில் சென்றிருந்தபோது, முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் முகம் சுளித்ததைக் கண்டு மிரண்ட ஆர்.கே.ஓ. நிறுவனம், 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, வேறு ஆட்களைக் கொண்டு சுபமான முடிவு ஒன்றைப் படமாக்கி ஒட்டியது. வெட்டிய பகுதியின் நெகட்டிவையும் அழித்துவிட்டார்கள்.

ஆனால் தலையீட்டையே தமக்குச் சாதகமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. 1963இல் பிரெஞ்சு இயக்குநர் கோதார் எடுத்த 'லெ மெப்ரி' படத்தில் கவர்ச்சி நட்சத்திரம் பிரிஜித் பார்தோ நடித்திருந்தும் அவருடைய உடலைப் போதுமான அளவு காட்டவில்லை என்பது அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜோசப் லெவினின் மனக்குறை. கோதார் மறுக்காமல் ஒரு காட்சியைக் கூடுதலாக எடுத்துக் கொடுத்தார். படுக்கையில் கிடக்கும் பார்தோ, என் பாதம் பிடிக்கிறதா, முழங்கால் பிடிக்கிறதா என்று உறுப்பு உறுப்பாகக் கணவனிடம் கேட்டுக்கொண்டே போகிறார். திரையின் நிறம் சிவப்பிலிருந்து இயல்புக்கும் பிறகு நீலத்துக்கும் மாறுகிறது. விற்பனைக்காகக் கேட்ட உடலை, சரக்குப் பட்டியல் வாசிப்பதைப் போல வாசிக்க வைத்துவிட்டார். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவரின் பணத்துக்கு இசைந்து போய் மனைவியின் மதிப்பை இழக்கும் எழுத்தாளனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமைந்திருக்காது.

கேள்வி: 1970களில் வந்தவை போன்ற அமெரிக்கப் படங்கள் இன்று ஏன் அரிதாகிவிட்டன? திறமைசாலிகள் இல்லையா?

பதில்: திறமைக்குப் பஞ்சமில்லை, விநியோக முறை மாறிவிட்டது. அன்று ஒரு படம் பெருநகரங்களின் சில அரங்குகளில் தொடங்கி, வாய்வழிப் பேச்சு பரவப் பரவ மற்ற ஊர்களுக்கு மெல்ல நகரும். மூன்றாவது வாரத்தில் சூடு பிடிக்கவும் அதற்கு அவகாசம் இருந்தது. 1975இல் 'ஜாஸ்' படம் தொலைக்காட்சி விளம்பரங்களின் துணையோடு ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியாகிக் குவித்த பணம், எல்லா ஸ்டுடியோக்களின் கண்ணையும் திறந்தது, அல்லது கட்டியது. நாடு முழுவதும் ஒரே நாளில் வெளியிட வேண்டுமானால் விளம்பரத்துக்குப் பெருந்தொகை வேண்டும். படம் சிறியது என்பதற்காக அந்தச் செலவு அதே விகிதத்தில் குறைந்துவிடாது. ஆகவே முதல் வார இறுதியிலேயே கூட்டத்தைக் கூட்டக்கூடிய, முன்பே பெயர் தெரிந்த கதைகளும் தொடர் பாகங்களும் முந்திக்கொண்டன.

பழி முழுவதும் வியாபாரிகள் மேல் விழக்கூடாது. 1980இல் மைக்கேல் சிமினோவுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், 'ஹெவன்ஸ் கேட்' படத்தில் சுமார் 4.4 கோடி டாலரைக் கொட்டியது. அமெரிக்க அரங்குகளில் 40 லட்சம்கூடத் திரும்பி வரவில்லை. மறு ஆண்டே அந்த நிறுவனம் எம்.ஜி.எம். கைக்குப் போயிற்று. இயக்குநருக்கு இடம் கொடுக்காதே என்று சொல்ல விரும்பியவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

பின்னாளில் டிவிடி விற்பனையும் சரிந்தபோது, அரங்கில் தடுமாறிய படத்தைத் தாங்கிப் பிடித்த கடைசித் தூணும் போயிற்று. இதனால் பெரிதும் அடிபட்டது, பெரியவர்களுக்கான நடுத்தரச் செலவுப் படம். 2024இல் கான் விழாவில் தங்கப்பனை விருதும், அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வென்ற 'அனோரா' ஏறக்குறைய 60 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. மறுமுனையில் 20 கோடி டாலர் படங்கள் நிற்கின்றன. இடைப்பட்ட வெளியில்தான் முன்பு நல்ல அமெரிக்கப் படங்கள் பல பிறந்தன. சுமார் 10 கோடி டாலர் செலவில் மூன்று மணி நேரம் ஓடி, 90 கோடிக்கும் மேல் ஈட்டிய 'ஓப்பன்ஹைமர்' (2023) இருக்கிறதே என்பீர்கள். அந்த அனுமதியை அதன் இயக்குநர் நோலன் மூன்று பேட்மேன் படங்கள் வழியாகச் சம்பாதித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் அரசு பணம் கொடுப்பதால்தான் கலை பிழைக்கிறது என்கிறார்கள். மக்களின் வரிப்பணத்தில் யாரும் பார்க்காத படங்களை எடுப்பது நியாயமா?

பதில்: பிரான்ஸைப் பொறுத்தவரை அது முழுக்கப் பொதுவான வரிப்பணம் அன்று. 1946இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட மையத்துக்கு, விற்கும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டிலிருந்தும் 10.72 விழுக்காடு போகிறது. தொலைக்காட்சி நிறுவனங்களும் பங்கு செலுத்துகின்றன. அமெரிக்கச் சாகசப் படத்தின் சீட்டிலும் அந்தப் பிடித்தம் உண்டு என்பதால், அதைப் பார்க்க வரும் சிறுவன், தான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஓர் இளம் இயக்குநரின் முதல் படத்துக்குத் தன்னையறியாமல் காசு போடுகிறான். 1959 முதல் நடைமுறையில் உள்ள முன்பணத் திட்டத்தில், படம் சம்பாதித்தால் திருப்பிக் கட்ட வேண்டும், சம்பாதிக்காவிட்டால் கேட்பாரில்லை. சுவீடனும் 1963இல் கேளிக்கை வரியை நீக்கிவிட்டு, சீட்டில் 10 விழுக்காட்டைத் திரைப்படக் கழகத்துக்குத் திருப்பியது.

இதில் எனக்கு வேறொரு குறை உண்டு. பணம் தரும் குழு எதை விரும்பும் என்று ஊகித்து எழுதப்படும் திரைக்கதையும் ஒருவகையில் சந்தைச் சரக்குதான். வாங்குபவர்கள் பத்துப் பேர் என்பதால் அது கலையாகிவிடாது.

கேள்வி: மார்வெல் சூப்பர்ஹீரோ படங்கள் சினிமாவே அல்ல என்ற அமெரிக்க இயக்குநர் ஸ்கோர்செசியின் கருத்தை ஏற்கிறீர்களா?

பதில்: அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை, 2019இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அதற்கு அவர் எழுதிய விளக்கத்தை ஏற்கிறேன். ரசிகர்களிடம் சோதித்துச் சோதித்து, ஆபத்தே இல்லாதபடி செதுக்கப்பட்ட படங்கள் அரங்குகளை நிறைப்பதுதான் அவருடைய ஆதங்கம். அதே ஆண்டு அவர் எடுத்த 'தி ஐரிஷ்மேன்' படத்துக்குப் பணம் கொடுத்தது பழைய ஸ்டுடியோ எதுவும் அன்று, நெட்ஃபிளிக்ஸ்.

கேள்வி: சமரசமே செய்துகொள்ளாமல் ஓர் இயக்குநர் பிழைக்க முடியுமா?

பதில்: அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஜான் கசாவெட்டீஸ் சமரசத்தை வேறு இடத்தில் வைத்துக்கொண்டார். 'தி டர்ட்டி டஜன்', 'ரோஸ்மேரிஸ் பேபி' போன்ற பிறருடைய படங்களில் நடித்துச் சம்பாதித்ததைத் தம் படங்களில் போட்டார். 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) படத்துக்காக வீட்டை அடகு வைத்தார். விநியோகஸ்தர் யாரும் முன்வராதபோது, அரங்க உரிமையாளர்களிடம் தாமே நேரில் பேசி வெளியிட்டார். அந்தப் படத்துக்காக அவருடைய பெயர் சிறந்த இயக்குநர் பிரிவிலும், அவர் மனைவி ஜீனா ரோலண்ட்ஸின் பெயர் சிறந்த நடிகை பிரிவிலும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றன.